சேகரிப்பு வாள்களும் பார்சல் நிறுவனங்களின் பொறுப்பும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பழைய வாள்களையும், பழைய முறைப்படி இன்று அடிக்கப்படும் வாள்களையும் சேகரிப்பவர்கள் எண்ணிக்கையில் மிகச் சிலரே. ஆகவே அவர்களுடைய குறைகள் செய்தித்தாளில் இடம்பெறுவது அரிது. ஆயினும், பார்சலில் அனுப்பப்பட்ட வாள் வளைந்தோ முனை முறிந்தோ வந்து சேரும்போது அந்த இழப்பை யார் ஏற்பது என்ற கேள்வி அவர்களோடு முடிந்துவிடுவதில்லை. இசைக்கருவி, தொலைநோக்கி, சட்டமிட்ட ஓவியம் என நீளமான, மெலிந்த, விலைமதிப்புள்ள எதையும் அனுப்பும் எவரும் ஒருநாள் இதே கேள்வியின் முன் நிற்க நேரிடும். அதனால்தான் தங்கள் நாளிதழின் வழியாக இதை எழுதுகிறேன்.

வாள் எவ்வாறு சேதமடைகிறது என்பதை முதலில் சொல்லியாக வேண்டும். ஏனெனில், எஃகுக்கு என்ன ஆகிவிடப் போகிறது என்ற எண்ணம் கூரியர் அலுவலகங்களில் மட்டுமல்ல, புதிதாக வாள் வாங்குவோரிடமும் இருக்கிறது. நீளமான பெட்டி கன்வேயர் பெல்ட்டின் திருப்பங்களில் சிக்குகிறது. சரிவுத் தடத்தில் இறங்கும்போது அதன் ஒரு முனைதான் முதலில் சென்று மோதுகிறது. வண்டிக்குள் இரண்டு பெட்டிகளுக்கு இடையே அந்தரத்தில் கிடந்து, நடுப்பகுதியில் மற்ற பெட்டிகளின் பாரத்தைத் தாங்குகிறது. ஒரு கிலோ எடையுள்ள வாள் ஒரு மீட்டர் உயரத்திலிருந்து நுனி கீழாக விழுந்தால், தரையை எட்டும்போது அதன் வேகம் விநாடிக்குச் சுமார் 4.4 மீட்டர், அது சுமக்கும் ஆற்றல் ஏறத்தாழ 10 ஜூல். தரையில் பட்டதும் பெட்டி நின்றுவிடும், உள்ளே இறுகக் கட்டப்படாத வாள் நிற்காது. அவ்வளவு ஆற்றலும் மிகக் குறுகிய ஒரு நுனியின் வழியாக வெளியேறும்போது, உறையின் அடி பிளந்து, அட்டையும் கிழிந்து, நுனி வெளியே நீட்டிக்கொண்டு வருவதில் வியப்பில்லை. கூர் தீட்டிய அலகாக இருந்தால் அதைத் தூக்கும் தொழிலாளியின் கைக்கு என்ன நேரும் என்பதையும் நிறுவனங்கள் எண்ணிப் பார்க்கலாம்.

வாளுக்கு வாள் பலவீனம் வேறுபடுகிறது. ஜப்பானிய வாளின் உறை, மக்னோலியா இனத்து மென்மரத்தின் இரு பாதிகளைச் சோற்றுப் பசையால் ஒட்டிச் செய்வது; பின்னாளில் உட்புறத்தைத் துப்புரவு செய்யப் பிரிக்க வேண்டியிருக்கும் என்பதற்காகவே அந்தப் பசையைப் பயன்படுத்துகிறார்கள். ஆகவே பக்கவாட்டில் பலமாக ஓர் அடி விழுந்தால் ஒட்டிய இடத்திலேயே உறை வாய்பிளக்கும். அலகைக் கைப்பிடியோடு பிணைப்பது பெரும்பாலும் ஒரே ஒரு மூங்கில் ஆணிதான். இந்தியத் தல்வாரிலோ, அலகின் வால்பகுதி உலோகக் கைப்பிடிக்குள் அரக்கு போன்ற பிசினால் பதிக்கப்பட்டிருக்கும்; வெயிலில் நின்று கொதிக்கும் வண்டிக்குள் அந்தப் பிசின் இளகினால், அடுத்து வரும் ஒரு குலுக்கலே கைப்பிடியை ஆடச் செய்யும். ஐரோப்பிய வாள்கள் பலவற்றில் வால்பகுதி, கைப்பிடியின் கடைசியிலுள்ள குமிழைத் துளைத்து வெளிவந்து, நுனியில் தட்டி மடக்கப்பட்டிருக்கும். அது உறுதியான இணைப்புதான், ஆனால் கைப்பிடிக்கும் அலகுக்கும் இடையிலுள்ள குறுக்குக் காப்பின் ஒரு முனையில் மட்டும் பலத்த அடி விழும்போது அதுவும் தளர்கிறது.

இவற்றுள் எதை வேண்டுமானாலும் பழுதுபார்த்துவிடலாம் என்று நினைப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். ஜப்பானிய அலகின் வெட்டும் விளிம்பு கடினமாகவும் முதுகுப்புறம் மென்மையாகவும் இருக்கும்படி பதப்படுத்தப்படுகிறது. அந்தக் கடினமே அதைச் சில்லு பெயரும் தன்மையுள்ளதாகவும் ஆக்குகிறது. நுனியில் பெயர்ந்த சில்லு, கடினப்படுத்திய பகுதியைத் தாண்டி உள்ளே போய்விட்டால் அந்த வாளைச் சேகரிப்பாளர்கள் ஏறக்குறைய இறந்துபோனதாகவே கருதுகிறார்கள். அதைவிடச் சிறிய சில்லை மெருகிட்டுச் சரிசெய்யலாம். ஆனால் ஒவ்வொரு மெருகும் எஃகைத் தேய்த்தே செய்யப்படுவது. பல நூற்றாண்டுகள் கடந்து வந்த அலகில் அப்படித் தேய்ப்பதற்கு எஞ்சியிருப்பது கொஞ்சம்தான். வளைந்ததை நிமிர்த்தினாலும் வளைந்த இடத்தில் நுண்ணிய சுருக்கங்கள் நின்றுவிடலாம். பழுதுபார்க்கும் கூலியை மட்டும் இழப்பாகக் கணக்கிடும் நிறுவனத்திற்கு, பழுது பார்த்த பின்னும் பொருளின் மதிப்பு குறைந்தே இருக்கும் என்பதை விளக்குவது எளிதன்று.

நான் வாங்கிய பழைய தல்வார் ஒன்று, கைப்பிடி தனியாகவும் அலகு தனியாகவும் என்னிடம் வந்து சேர்ந்தது. பெட்டியின் வெளிப்புறத்தில் ஒரு கீறலும் இல்லை. கொண்டுவந்தவர், திறந்து பார்க்க நேரமில்லை என்று கூறி, கையடக்கக் கருவியின் திரையில் கையெழுத்தை வாங்கிக்கொண்டு போய்விட்டார். நல்ல நிலையில் பெற்றுக்கொண்டேன் என்பதற்கு அந்தக் கையெழுத்தே பின்னர் சான்றாயிற்று. நிறுவனத்தின் பதில் சுருக்கமானது: வெளியே சேதமில்லை, எனவே போக்குவரத்தில் சேதம் நேரவில்லை, நேர்ந்திருந்தால் அது பொதி கட்டியதில் உள்ள குறையே. இந்த வாதத்தின் அமைப்பைக் கவனிக்க வேண்டும். பெட்டி நசுங்கியிருந்தால் பெட்டி போதிய வலுவுடன் இல்லை என்பார்கள். நசுங்காமல் இருந்தால் உள்ளே அடைத்தது போதவில்லை என்பார்கள். இரு வழியிலும் பழி அனுப்பியவர் தலையில்தான் விழுகிறது.

பொதி கட்டுவதில் அனுப்புபவருக்குப் பொறுப்பு இல்லை என்று நான் சொல்லவரவில்லை. வாளைப் பபுள் ராப்பில் சுற்றி, கிடைத்த அட்டைப்பெட்டியில் போட்டு ஒட்டி அனுப்புபவர்கள் இருக்கத்தான் செய்கிறார்கள். கைக்காப்பையும் உறையையும் நாடாவால் பிணைத்து வாள் உறையிலிருந்து வழுக்காதபடி செய்வதும், உறையின் அடிக்கும் பெட்டியின் சுவருக்கும் இடையே கடினமான ஃபோம் வைப்பதும், ஒரே பெட்டியில் இரண்டு வாள்கள் ஒன்றையொன்று தொடாமல் பார்த்துக்கொள்வதும், எண்ணெய் பூசிய அலகு பல நாள் ஈரத்தில் கிடக்காதபடி காப்பதும் விற்பவருடைய வேலை. தடித்த பிவிசி குழாய் வளைவதைத் தடுக்கும் என்று பலர் அதில் வைத்து அனுப்புகிறார்கள். ஆனால் உருளை வடிவம் பெல்ட்டில் நிலைகொள்ளாமல் உருண்டு விழுவதால் அதையும் ஒரு பெட்டிக்குள் வைப்பதே நல்லது. ‘உடையக்கூடியது’ என்ற சிவப்புச் சீட்டை ஒட்டுவதால் மட்டும் பயனில்லை. பிரித்தனுப்பும் எந்திரம் பட்டைக்குறியீட்டைத்தான் படிக்கிறது.

ஆனால் எவ்வளவு கட்டினால் போதும் என்பதை முன்கூட்டியே யார் சொல்கிறார்கள்? அளவுகோல் இல்லாமல் இல்லை. பார்சல்களைச் சோதிப்பதற்கென்றே சர்வதேச பாதுகாப்பான போக்குவரத்துச் சங்கம் ‘3ஏ’ என்ற நடைமுறையை வகுத்திருக்கிறது. அதில், ஏறத்தாழ 90 சென்டிமீட்டரோ அதற்கு மேலோ நீளமுள்ள, மற்ற இரண்டு அளவுகளும் நீளத்தில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேற்படாத பெட்டிகள் தனி வகையாகவே கொள்ளப்பட்டு, இரு முனைகளில் தாங்கப்பட்டு நடுவில் அடிபடும் நிலைக்கும் சோதனை வைக்கப்பட்டுள்ளது. வாள் பெட்டி ஏறத்தாழ எல்லாச் சமயங்களிலும் இந்த வகையில் அடங்கும். இப்படிப்பட்ட பெட்டிக்கு என்ன ஆபத்து என்பது தொழிலில் உள்ளவர்களுக்கு நன்றாகத் தெரியும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. தெரிந்தும், பதிவு செய்யும் இடத்தில் பெட்டியை எடைபோட்டு, அளந்து, பணம் வாங்கும்போது ஒரு வார்த்தை சொல்லாமல், சேதம் நேர்ந்தபின் மட்டும் பொதியின் தரத்தை ஆராய்வது நியாயமாகாது.

பணம் வாங்குவதிலும் இழப்பீடு தருவதிலும் உள்ள வேறுபாட்டை அடுத்துச் சொல்ல வேண்டும். கட்டணத்தைக் கணக்கிடும்போது பெட்டியின் கன அளவைக் கன சென்டிமீட்டரில் எடுத்து 5000 ஆல் வகுத்து வரும் ‘கன எடை’யைப் பல நிறுவனங்கள் எடுத்துக்கொள்கின்றன. 120 சென்டிமீட்டர் நீளம், 20 அகலம், 15 உயரம் உள்ள வாள் பெட்டி இந்தக் கணக்கில் 7.2 கிலோ ஆகிறது. உண்மையில் அது 3 கிலோவைத் தாண்டாது. இழப்பீடு என்று வரும்போதோ உண்மையான எடை திரும்பி வந்துவிடுகிறது. நாடு விட்டு நாடு விமானத்தில் செல்லும் சரக்குக்கான 1999ஆம் ஆண்டு மாண்ட்ரியல் உடன்படிக்கை, பொறுப்பின் உச்சவரம்பைக் கிலோவுக்கு இத்தனை எஸ்.டி.ஆர். (சர்வதேச நாணய நிதியம் வகுத்த கணக்குப் பணம்) என்றே வைக்கிறது, 2024 டிசம்பர் 28 முதல் அது 26. அதாவது மூன்று கிலோ பெட்டிக்கு 78 எஸ்.டி.ஆர். நாடு விட்டு நாடு சாலைவழியே செல்லும் சரக்குக்கான 1956ஆம் ஆண்டு சிஎம்ஆர் உடன்படிக்கையில், 1978ஆம் ஆண்டு திருத்தத்தின்படி, அது கிலோவுக்கு 8.33 மட்டுமே. எடையை வைத்து மதிப்பிடுவது சிமெண்டுக்கும் இரும்புக் கம்பிக்கும் பொருந்தலாம். ஒரு கைவினைஞர் பல மாதம் உழைத்து முடித்த, ஒரு கிலோ எடையுள்ள அலகுக்கு அது எவ்வகையிலும் பொருந்தாது.

இந்த வரம்பைக் கடக்க அதே மாண்ட்ரியல் உடன்படிக்கையில் ஒரு வழி உண்டு: அனுப்புபவர் பொருளின் மதிப்பைத் தனியாக அறிவித்து, தேவைப்படும் கூடுதல் கட்டணத்தைச் செலுத்தினால், அறிவித்த தொகை வரை நிறுவனம் பொறுப்பேற்க வேண்டும். நடைமுறையில் குழப்பம் தொடங்குவதும் இங்கேதான். மதிப்பை அறிவித்துப் பணம் கட்டியதையே காப்பீடு எடுத்ததாக மக்கள் நினைத்துக்கொள்கிறார்கள், இரண்டும் ஒன்றல்ல. மேலும், தொல்பொருள், கலைப்பொருள், ஆயுதம் ஆகியவற்றுக்குப் பொறுப்பில்லை என்றோ, அவற்றை ஏற்பதே இல்லை என்றோ சொல்லும் விதி பல நிறுவனங்களின் நிபந்தனைகளில் எங்கோ ஒரு மூலையில் இருக்கும். பொருளின் பெயர் ‘வாள்’ என்று படிவத்தில் தெளிவாக எழுதியிருந்தும் கூடுதல் கட்டணத்தை வாங்கிக்கொண்டு, உடைந்த பிறகு அந்த விதியைக் காட்டிக் கையை விரிப்பதை வேறு எந்த வணிகத்தில் நாம் பொறுத்துக்கொள்வோம்?

சுங்கச் சோதனையைப் பற்றியும் ஒரு சொல். எல்லை கடக்கும் வாள் பெட்டிகள் திறக்கப்படுவது இயல்பு, தேவையும்கூட. ஆனால் அனுப்பியவர் நிதானமாகக் கட்டிய கட்டுகளை வெட்டி எடுத்துப் பார்த்துவிட்டு, வாளை மறுபடி அப்படியே போட்டு ஒரு நாடாவை ஒட்டி அனுப்பினால், அதன்பின் நேரும் சேதத்திற்கு யாரும் பொறுப்பில்லை. சரக்கின் வருகை, புறப்பாடு, கடப்பு தொடர்பாகப் பொது அதிகார அமைப்பு செய்த செயலால் நேர்ந்த சேதத்திற்கு விமான நிறுவனத்தைப் பொறுப்பாக்க முடியாது என்று மாண்ட்ரியல் உடன்படிக்கையின் 18ஆம் பிரிவே விலக்களிக்கிறது. திறந்த பெட்டியில் ‘சோதிக்கப்பட்டது’ என்று சீட்டு ஒட்டும்போது, உள்ளே இருந்த கட்டுகள் எந்த நிலையில் திரும்ப வைக்கப்பட்டன என்பதற்கு ஒரு புகைப்படமும் எடுத்துச் சேர்த்தால் பாதி வழக்குகள் எழாது.

ஆகவே நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. பொருளை ஏற்கும் நேரத்திலேயே, வாளுக்கு இழப்பீடு உண்டா இல்லையா என்பதை நிறுவனம் எழுத்தில் சொல்லட்டும். இல்லையென்றால் மதிப்புக்கான கூடுதல் கட்டணத்தை வாங்காமல் இருக்கட்டும். நீளமான பெட்டி எந்தத் தரத்தில் கட்டப்பட வேண்டும் என்பதை, எளிய மொழியில் ஒரு பக்கத்தில் அச்சிட்டுக் கொடுக்கட்டும். அதைப் பின்பற்றிக் கட்டிய பெட்டிக்குப் பொதிக் குறை என்ற வாதம் பின்னர் செல்லாது என்றும் ஒப்புக்கொள்ளட்டும். பெற்றுக்கொள்ளும் கையெழுத்தோடு, ‘திறந்து பார்க்கவில்லை’ என்று குறிக்க ஒரு கட்டத்தையும் திரையில் சேர்க்கட்டும். மாண்ட்ரியல் உடன்படிக்கையின்படி, விமானச் சரக்கில் சேதத்தை எழுத்தில் தெரிவிக்க, சரக்கைப் பெற்ற நாளிலிருந்து 14 நாள் வரை அவகாசம் இருக்கிறது. ஆனால் இதை வாசலில் நிற்கும் பணியாளரும் அறிவதில்லை, வாங்குபவரும் அறிவதில்லை.

வாங்குவோருக்கு ஒன்றைச் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். போக்குவரத்து ஒப்பந்தம் பொதுவாக அனுப்பியவருக்கும் நிறுவனத்திற்கும் இடையிலானது என்பதால், கோரிக்கையை அனுப்பியவரே எழுப்ப வேண்டும் என்று நிறுவனங்கள் பெறுநரைத் திருப்பி அனுப்பிவிடுகின்றன. விற்றவரோ பணம் கைக்கு வந்தபின் அந்த அலைச்சலுக்கு எப்போதும் முன்வருவதில்லை. வாள் புறப்படுவதற்கு முன்பே, சேதம் நேர்ந்தால் கோரிக்கையைத் தாம் எழுப்புவதாக விற்பவரிடம் எழுத்தில் வாங்கிக்கொள்வதும், கட்டும்போது எடுத்த புகைப்படங்களைக் கேட்டுப் பெறுவதும், பெட்டியையும் உள்ளிருந்த ஒவ்வொரு துண்டையும் கோரிக்கை முடியும்வரை எறியாமல் வைத்திருப்பதும் நல்லது. ஆய்வுக்கு வருபவர் முதலில் கேட்பது வாளை அல்ல, அந்த அட்டைப்பெட்டியைத்தான்.

இப்படிக்கு,
வாள் சேகரிக்கும் ஒரு வாசகர்