இரண்டு கிலோ வாங்கினால் நான்கு கிலோ: வேளாண்மைத் துறைக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாடு அரசின் வேளாண்மை - உழவர் நலத்துறை அதிகாரிகளுக்கு வணக்கம்.

நான் காவிரிக் கடைமடையில் மூன்று ஏக்கர் சாகுபடி செய்பவன். நெல் ஜெயராமன் பெயரில் நீங்கள் நடத்திவரும் மரபுசார் நெல் இரகங்கள் பாதுகாப்பு இயக்கத்தைப் பற்றித்தான் இந்த மடல். 2021-இல் வேளாண்மைக்கென்று முதன்முதலாகத் தனி நிதிநிலை அறிக்கை வந்தபோது, அதில் அவர் பெயரைக் கேட்டதும் எனக்குக் கண் கலங்கிவிட்டது. அதற்கு நன்றி சொல்லிவிட்டே மற்றதைச் சொல்கிறேன்.

திருத்துறைப்பூண்டி பக்கம் ஆதிரெங்கம் என்ற சிற்றூரை நெல்லுக்காக ஆட்கள் தேடி வந்தது அவரால்தான். 2003-இல் இயற்கை விவசாயத்தைப் பரப்பிய நம்மாழ்வார் ஐயா காவிரிப் படுகையில் நடைபயணம் போனபோது கூடவே நடந்தவர் அவர். வழியில் விவசாயிகள் கொடுத்த ஒரு சில பழைய ரகங்களில் தொடங்கிய தேடல், கடைசியில் 174 ரகங்களில் வந்து நின்றது. ‘நெல்’ என்ற அடைமொழியும் நம்மாழ்வார் கொடுத்ததுதான்.

2006 முதல் ஆண்டுதோறும் அவர் நெல் திருவிழா நடத்தினார். வருகிறவருக்கு இரண்டு கிலோ விதை. காசு கிடையாது. அடுத்த ஆண்டு நான்கு கிலோவாகத் திருப்பித் தர வேண்டும், அவ்வளவுதான். நானும் அப்படித்தான் மாப்பிள்ளைச் சம்பா வாங்கினேன். முதல் ஆண்டு பழக்கதோஷத்தில் யூரியா போட்டேன். ஆள் உயரம் வளர்ந்து மொத்தமும் படுத்துவிட்டது. மிஞ்சியதில் நான்கு கிலோவைச் சுத்தம் பண்ணித் திருப்பிக் கொடுத்தேன். அந்த நான்கு கிலோ இன்னும் இரண்டு பேர் வயலுக்குப் போகும் என்று தெரிந்தபோது, கடன் அடைத்த நிம்மதி வரவில்லை, ஒரு வீட்டுக்குச் சம்பந்தம் பேசி முடித்த சந்தோஷம் வந்தது.

நெல்விதையைச் சாக்கில் கட்டி வைத்தால் ஓரிரு ஆண்டுகளில் முளைப்புத்திறன் போய்விடும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. குளிர்பதனக் கிடங்கில் இன்னும் கூடுதல் காலம் தாங்கும். ஆனால் அங்கே இருக்கும் விதைக்கு இந்த ஆண்டு மழை எப்படிப் பெய்தது, மண்ணில் உப்பு எவ்வளவு ஏறியது என்பதெல்லாம் தெரியாது. ஆண்டுக்கு ஒரு தடவையாவது அது சேற்றைப் பார்க்க வேண்டும். கலவன், அதாவது ஊடே கலந்து முளைத்த வேறு ரகப் பயிர், எடுக்க ஒரு ஆள் வரப்பில் நடக்க வேண்டும். ஜெயராமனின் இரண்டுக்கு நான்கு கணக்கு அதைத்தான் செய்தது.

நீங்கள் அரசு விதைப் பண்ணையில் பெருக்கி மானிய விலையில் விதை கொடுக்கிறீர்கள். நல்லது. ஆனால் விலைக்கு வாங்கியவர் அடுத்த ஆண்டு விதைக்காவிட்டால் கேட்பார் யாருமில்லை. வேளாண்மை விரிவாக்க மையங்களில் ஒரு பங்கு விதையையாவது மானியமில்லாமல், திருப்பித் தரும் கடனாகக் கொடுங்கள். வருகிற விதையைச் சோதித்து வாங்க உங்களிடம் விதைச் சான்று ஆட்கள் இருக்கிறார்கள். ஜெயராமனுக்கு அந்த வசதி இருந்ததில்லை.

இன்னொன்று. கருப்புக் கவுனிக்கும் சீரகச் சம்பாவுக்கும் நகரத்தில் கிராக்கி இருக்கிறது, அவை பிழைத்துக்கொள்ளும். எனக்குக் கவலை குழியடிச்சானைப் பற்றி. கடலோர உவர் நிலத்தில் வேறு நெல் தலைகாட்டாத இடத்திலும் அது நிற்கும். காட்டுயானம் ஆறு மாதப் பயிர், தண்ணீர் சூழ்ந்தாலும் தாங்கும். கடைக்காரர் கேட்காத இப்படிப்பட்ட ரகங்கள்தான் முதலில் கைவிடப்படும். உங்கள் பணம் முதலில் போக வேண்டியது அங்கேதான்.

அப்புறம், கொள்முதல். நெற்பயிரைப் பற்றி ‘அடி காட்டுக்கு, நடு மாட்டுக்கு, நுனி வீட்டுக்கு’ என்பார்கள். மாட்டுக்கு வைக்கோல் கிடைத்துவிடுகிறது, நெல்தான் விற்கவில்லை. நேரடிக் கொள்முதல் நிலையத்தில் சன்னம், பொது என்று இரண்டே வகை. ஒருமுறை என் மூட்டைகளைப் பார்த்துவிட்டு, அரிசி சிவப்பு, இது வேண்டாம் என்று திருப்பி அனுப்பினார்கள். டிராக்டர் வாடகை கொடுத்து அத்தனையையும் வீட்டுக்கே கொண்டுவந்தேன். மரபு ரகங்களுக்கு மூன்றாவது வகையும் அதற்கொரு விலையும் உணவுத் துறையோடு பேசி வாங்கித் தர உங்களால் முடியும்.

2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் எங்கள் பக்கத்தைப் புரட்டிப் போட்டது. கூரையெல்லாம் போன ஊரில் விதைக்கோட்டையை, வைக்கோலில் கட்டி வைத்த விதைநெல்லை, காப்பாற்ற ஓடிக்கொண்டிருந்தோம். அந்த நேரத்தில் ஜெயராமன் சென்னை மருத்துவமனையில் புற்றுநோயோடு கிடந்தார். மூன்று வாரம் கழித்து, டிசம்பர் 6 அன்று போய்விட்டார். வயது ஐம்பதுதான். ரசாயனம் வேண்டாம் என்று ஊர் ஊராகச் சொன்ன மனிதருக்கு இந்த நோயா என்று அன்றைக்குப் பலர் கேட்டார்கள். எனக்கு அந்தக் கேள்வியே பிடிக்கவில்லை. நோய் யாருக்கும் வரும். சிகிச்சைக்கு மற்றவர்கள் கைகொடுக்க வேண்டியிருந்ததே, அதுதான் என்னை வாட்டியது. விதை காக்கிற விவசாயிகளைப் பட்டியல் எடுத்து, அவர்களுக்கு மருத்துவக் காப்பீட்டையும் இந்த இயக்கத்தின் செலவிலேயே சேருங்கள்.

இந்த ஆண்டு சம்பாவுக்குக் குழியடிச்சான் அரை ஏக்கர் போட இடம் ஒதுக்கி வைத்திருக்கிறேன். விதை இரண்டு கிலோ உங்கள் மையத்தில் கிடைத்தால் தை முடிவதற்குள் நான்கு கிலோ கொண்டுவந்து வைத்துவிடுவேன்.

இப்படிக்கு,
கடைமடை விவசாயி ஒருவன்