அந்தக் குச்சிகளை வெட்டிவிடாதே

அம்மாடி,

உன் வாசல் ஹைட்ரேஞ்சியாவை நீ எடுத்து அனுப்பிய படத்தைப் பார்த்தேன். வெட்டாதே. மற்றதையெல்லாம் அப்புறம் பேசலாம், முதலில் அந்தக் கவாத்துக் கத்தரியை உள்ளே கொண்டுபோய் வை. கொத்துக்கொத்தாகப் பூக்கிற இந்த ஹைட்ரேஞ்சியா இலையுதிர் செடி, குளிர்காலத்தில் ஓர் இலைகூட மிச்சமில்லாமல் எல்லாவற்றையும் உதிர்த்துவிட்டு வெறும் குச்சியாக நிற்கும், அதைச் செத்துப்போனது என்று நினைத்துத்தான் நிறைய பேர் தரையோடு வெட்டிவிடுகிறார்கள். சந்தேகமாக இருந்தால் ஒரு தண்டை நகத்தால் லேசாகச் சுரண்டிப் பார். தோலுக்கு அடியில் பச்சை தெரிந்தால் உயிர் இருக்கிறது. பழுப்பாக உலர்ந்திருந்தால் இன்னும் கொஞ்சம் கீழே இறங்கிச் சுரண்டு. நுனி காய்ந்துபோய் அடி பச்சையாக இருப்பது இந்தச் செடியில் சாதாரணம்.

வீட்டுக்குக் குடிவந்ததிலிருந்து ஒரு பூகூட இல்லை, இலை மட்டும் மதமதவென்று வருகிறது என்று எழுதியிருக்கிறாய். அதே கடிதத்தில் நாலு வரி தள்ளி, குளிர் முடிகிற சமயத்தில் தோட்ட வேலைக்கு ஆள் வந்து எல்லாச் செடியையும் ஒரே மட்டமாக வெட்டிவிட்டுப் போவார், இந்த முறை நானே வெட்டிவிடலாம் என்று இருக்கிறேன் என்றும் எழுதியிருக்கிறாய். இரண்டையும் சேர்த்துப் படித்துப் பார், காரணம் அங்கேயே இருக்கிறது.

உன் செடி பெரிய இலை ஹைட்ரேஞ்சியா. ஜப்பான்தான் அதற்குச் சொந்த மண். கோடையில் நீ எடுத்த பழைய படத்தில் இலை தடிப்பாக, பளபளப்பாக, ஓரம் பல்வெட்டாக இருப்பதை வைத்துச் சொல்கிறேன். இந்த வகை, அடுத்த வருடப் பூவுக்கான மொட்டைக் கோடைக் கடைசியிலும் இலையுதிர் காலத்திலும் தண்டு நுனியில் உருவாக்கி வைத்துக்கொண்டு, குளிர் முழுவதும் அதைச் சுமந்துகொண்டுதான் நிற்கும். பழைய தண்டில்தான் பூக்கும் என்று சொல்வது இதைத்தான். ஆக, பூக்கிற காலத்துக்குக் கொஞ்சம் முன்னால் தண்டை வெட்டினால், அந்த வருடப் பூவை மொத்தமாக வெட்டியதாகிவிடும். செடி சளைக்காமல் அடியிலிருந்து புதுத் தண்டு விடும், இலையும் தழையும், ஆனால் பூ இருக்காது. குச்சியின் நுனியை உற்றுப் பார், தடித்த மொட்டு ஒன்றும் அதற்குக் கீழே கணுவுக்கு இரண்டாக மொட்டுகளும் இருக்கும்.

எல்லா ஹைட்ரேஞ்சியாவும் இப்படி இல்லை. கூம்பு மாதிரி நீளமாகப் பூக்கிற பானிகுலாட்டா வகையும், வெள்ளைப் பந்தாகப் பூக்கிற அனபெல் மாதிரியான வகைகளும் அந்த வருடம் விடுகிற புதுத் தண்டிலேயே பூத்துவிடும், அவற்றைக் குளிர் முடிவில் தைரியமாக வெட்டலாம். உன்னுடையது அந்த வகையாக இருந்திருந்தால் அந்த ஆள் வெட்டிய பிறகும் பூத்திருக்கும். பூக்கவில்லை என்பதும் ஒரு சாட்சிதான். பழைய தண்டு, புதுத் தண்டு இரண்டிலும் பூக்கிற எண்ட்லெஸ் சம்மர் என்ற ரகம் 2004-இல் விற்பனைக்கு வந்தது. புதிதாக வாங்குகிறவர்களுக்கு, அதுவும் பனி அடிக்கிற ஊரில் இருப்பவர்களுக்கு, அது நல்ல தேர்வு. ஆனால் உன் வாசலில் ஏற்கெனவே வேர்பிடித்து நிற்கிற செடியைப் பிடுங்கிவிட்டு அதை வைக்க வேண்டியதில்லை.

சரி, கவாத்தே கூடாதா என்றால், உண்டு. நல்ல குளிர் இருக்கிற இடத்தில் காய்ந்த பூங்கொத்தைக் குளிர்காலம் முழுக்க அப்படியே விட்டுவிட வேண்டும், அழகாக இல்லை என்று கிள்ளாதே, அடுத்த மொட்டுக்கு அது கொஞ்சம் பனித்தடுப்பாக இருக்கும். கடும்பனி விலகிய பிறகு, அந்தக் காய்ந்த தலைக்குக் கீழே முதலில் தெரிகிற தடித்த மொட்டு ஜோடிக்குச் சற்று மேலே வெட்டு. செத்த குச்சிகளை அடியோடு எடு. பல வருடம் ஆன புதராக இருந்தால், மிகவும் முதிர்ந்த தண்டுகளில் மூன்றில் ஒன்றையோ நான்கில் ஒன்றையோ மட்டும் தரைமட்டத்தில் வெட்டிவிட்டு மீதியை விட்டுவிட்டால், அடியிலிருந்து இளசு கிளம்பும், பூவும் நிற்காது. உன் செடி வருடாவருடம் வெட்டுப்பட்டதால் அதில் முதிர்ந்த தண்டே இருக்காது, இந்த வருடம் செத்ததை எடுப்பதோடு நிறுத்திக்கொள். வேலைக்கு வருகிறவரிடம் சொல்லி வைப்பதோடு விடாமல், செடியில் ஒரு துணியையும் கட்டி வை.

வெட்டாமல் விட்டும் பூக்காத வருடங்கள் வரலாம். மொட்டு விரியத் தொடங்கிய பிறகு திடீரென்று ஒரு ராத்திரி பனி கொட்டினால் அந்த மொட்டு கருகிவிடும். அப்படி முன்னறிவிப்பு வந்தால் மாலையில் ஒரு பழைய போர்வையைப் போட்டு மூடு, காலையில் எடுத்துவிடு.

இப்போது நிறம். நீலம் வேண்டும் என்று கேட்டிருந்தாய், இதைச் சொல்ல எனக்கு எப்போதுமே சந்தோஷம். இளஞ்சிவப்புப் பூவிலும் நீலப் பூவிலும் இருப்பது ஒரே நிறமிதான், அலுமினியம் வந்து சேர்ந்தால் நீலம், சேராவிட்டால் சிவப்பு, அவ்வளவுதான். அலுமினியம் ஏறத்தாழ எல்லா மண்ணிலும் இருக்கிறது, ஆனால் மண் புளிப்பாக, அதாவது அமிலத்தன்மையோடு இருந்தால்தான் அது கரைந்து வேருக்குக் கிடைக்கும். மண்ணின் புளிப்பைக் காட்டுகிற பிஎச் எண் 5.5-க்குக் கீழே இருந்தால் நீலம், 6.5-க்கு மேலே போனால் இளஞ்சிவப்பு, நடுவில் ஊதாவும் கலவையும், ஒரே செடியில் இரண்டு நிறமும் வருவதுண்டு. நாம் இதழ் என்று நினைக்கிற அந்த வண்ணப் பகுதிகூட உண்மையில் புல்லிதழ்தான், நிஜப் பூ நடுவில் பொடிப்பொடியாக இருக்கும். அதனால்தான் கொத்து வாரக்கணக்கில் வாடாமல் நிற்கிறது.

ஆனால் அவசரப்பட்டு எதையும் கொட்டாதே. முதலில் மண்ணைச் சோதித்துப் பார்க்கிற பொட்டலம் ஒன்று வாங்கிச் சோதி. உன் செடி சிமென்ட் சுவரை ஒட்டி நிற்கிறது, சுவரிலிருந்து சுண்ணாம்பு கசிந்து மண்ணைக் காரமாக்கும், அந்த இடத்தில் நீலத்துக்காகப் போராடுவது கஷ்டம். அப்படியும் நீலம்தான் வேண்டும் என்றால், அலுமினியம் சல்ஃபேட்டை அதன் பொட்டலத்தில் போட்டிருக்கிற அளவுக்கு மேல் போகாமல் தண்ணீரில் கரைத்து, ஈரமாக இருக்கிற மண்ணில் ஊற்று. அதிகமானால் வேர் கருகிவிடும். நிறம் மாற ஒரு பருவத்துக்கு மேல்கூட ஆகும். மணிச்சத்து, அதாவது பாஸ்பரஸ், அதிகமுள்ள உரம் அலுமினியத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும், அதைத் தவிர்த்துவிடு. வெள்ளை ரகம் என்றால் இது எதுவும் பலிக்காது. என்னைக் கேட்டால் முதல் வருடம் என்ன நிறம் வருகிறதோ அதைப் பார்த்துவிட்டு முடிவு செய் என்பேன்.

உரத்தைப் பற்றி ஒரு வார்த்தை. பக்கத்துப் புல்தரைக்குப் போடுகிற உரத்தில் தழைச்சத்து, அதாவது நைட்ரஜன், கூடுதலாக இருக்கும், அது செடியின் வேருக்கும் போய்ச் சேர்ந்தால் இலைதான் வளரும், பூ குறையும். வசந்தத்தில் மக்கிய உரம் ஒரு கூடை போதும், அதன்மேல் காய்ந்த இலையையோ மரப்பட்டையையோ ஐந்து ஆறு சென்டிமீட்டர் மூடாக்காகப் பரப்பு, தண்டை ஒட்டாமல் கொஞ்சம் தள்ளி.

கோடை மதியத்தில் இலை எல்லாம் தொங்கிப்போய் நிற்பதைப் பார்த்துப் பதறுவாய், எல்லோரும் பதறுகிறார்கள். வேர் இழுக்கிற வேகத்தைவிட அந்தப் பெரிய இலைகள் நீரை விடுகிற வேகம் கூடுதல், அதனால் வருகிற சோர்வு அது, வெயில் இறங்கியதும் தானாக நிமிர்ந்துவிடும். மதியம் பார்த்துத் தண்ணீர் ஊற்றாதே. காலையில் விரலை மண்ணில் விட்டுப் பார், காய்ந்திருந்தால் அடியில் ஆழமாக ஊற்று, ஈரம் இருந்தால் விட்டுவிடு. காலையிலும் தொங்கிக்கொண்டிருந்தால்தான் கவலைப்பட வேண்டும். உன் செடிக்குக் காலை வெயிலும் மதியத்துக்கு மேல் சுவர் நிழலும் கிடைக்கிறது, இடம் அருமை, மாற்றாதே.

குழந்தை கையில் எட்டுவதை எல்லாம் வாயில் வைக்கிற வயது என்பதால் இதையும் சொல்லிவிடுகிறேன், இந்தச் செடியின் இலை, மொட்டு, பூ எதுவும் மெல்லக் கூடாது, நச்சுத்தன்மை உண்டு. நாய்க்கும் ஆகாது.

கோடைத் தொடக்கத்தில் பூ வைக்காத இளந்தண்டு ஒன்றைக் கணுவுக்குக் கீழே ஒரு சாண் நீளத்துக்கு வெட்டி, கீழ் இலைகளைக் கிள்ளி, மேல் இலைகளைப் பாதியாக நறுக்கி, ஈரமணலும் மக்கிய உரமும் கலந்த தொட்டியில் நட்டு நிழலில் வை. மூன்று நான்கு வாரத்தில் வேர் விடும். தம்பி அவன் வீட்டு வாசலுக்கு ஒன்று கேட்கிறான். அதுவரை நீ செய்ய வேண்டியது ஒன்றுதான், குச்சி நுனியைக் கிட்டத்தில் படம் எடுத்து இந்த வாரமே அனுப்பு, மொட்டு எப்படி இருக்கிறது என்று பார்த்துச் சொல்கிறேன்.

அப்பா