தொடுதிரையைப் பிள்ளைகளும் தொட்டுப் பழக வழிசெய்யக் கோரும் மனு

அனுப்புநர்:
1 முதல் 3-ஆம் வகுப்பு வரை பயிலும் குழந்தைகளின் பெற்றோர்,
ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி.

பெறுநர்:
தொடக்கக் கல்வி இயக்குநர் அவர்கள்,
கல்லூரிச் சாலை, சென்னை – 600 006.

பொருள்: தொடக்க வகுப்புப் பிள்ளைகளுக்குத் தொடுதிரைக் கைக்கணினியும் தமிழ் எழுத்துப் பயிற்சிச் செயலியும் வழங்கக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மா,

வணக்கம். தொடக்கப் பள்ளி ஆசிரியர்கள் 79,723 பேருக்குக் கைக்கணினி, 22,931 தொடக்கப் பள்ளிகளில் திறன்மிகு வகுப்பறை என்று அரசு அறிவித்தபோது பிள்ளைகளைவிட நாங்கள்தான் அதிகம் மகிழ்ந்தோம். எங்கள் பள்ளிக்கும் திரை வந்துவிட்டது. பாட்டும் கதையும் ஓடுகின்றன. ஆனால் பிள்ளைகள் உட்கார்ந்து பார்ப்பதோடு சரி. ஆசிரியரின் கைக்கணினி பெரும்பாலும் 'எண்ணும் எழுத்தும்' என்ற அரசின் அடிப்படைக் கற்றல் திட்ட மதிப்பீட்டைப் பதிவேற்றவே பயன்படுகிறது. அவரைக் குறை சொல்லவில்லை. பிள்ளைகள் கையில் கொடுத்து உடைந்தால் யார் பொறுப்பு என்ற பயம் யாருக்கும் இருக்கத்தானே செய்யும்?

'கொ' என்ற எழுத்தைப் பாருங்கள். கொம்பு முன்னால், கால் பின்னால், நடுவில் க. காதில் விழுவதோ முதலில் 'க்', அப்புறம்தான் 'ஒ'. எங்கள் பிள்ளைகள் பலர் திணறுவது இந்த இடத்தில்தான். திரையில் 'ஒ'வை விரலால் இழுத்து 'க்' மேல் விட்டதும் கொம்பும் காலும் இருபுறமும் வந்து நின்று, ஒலியும் கேட்டால், உயிரும் மெய்யும் சேர்வது கண்ணெதிரே புரிந்துவிடும். மூன்று சுழி 'ண', இரண்டு சுழி 'ன' குழப்பத்தையும் விரல் போகும் தடத்தை வைத்தே செயலி அங்கேயே திருத்தலாம். ஈராசிரியர் பள்ளியில் ஒரே ஆசிரியர் மூன்று வகுப்பையும் பார்த்துக்கொண்டு, ஒவ்வொரு பிள்ளையின் கையையும் பிடித்து எழுதவைப்பது நடக்கிற காரியமா?

சுவீடன் அரசு 2023-இல் பள்ளிகளில் திரையைக் குறைத்து, மறுபடியும் அச்சுப் புத்தகத்துக்கு முக்கியத்துவம் தர முடிவெடுத்தது எங்களுக்கும் தெரியும். அந்தக் கவலை எங்களுக்கும் உண்டு. சிலேட்டும் நோட்டும் அப்படியே இருக்கட்டும். பென்சில் பிடிக்கும் பழக்கம் திரையில் வராது. நாங்கள் கேட்பது, ஆசிரியர் முன்னிலையில் தினமும் இருபது நிமிடம் மட்டுமே.

ஆகவே, 1 முதல் 3-ஆம் வகுப்பு வரை நான்கு பிள்ளைகளுக்கு ஒன்று என்ற அளவிலாவது கைக்கணினிகள் வழங்க வேண்டுகிறோம். மேலே சொன்னபடியான எழுத்துப் பயிற்சிச் செயலியை மாநிலக் கல்வியியல் ஆராய்ச்சி மற்றும் பயிற்சி நிறுவனம் வழியாக உருவாக்கித் தர வேண்டும். எங்கள் ஊரில் சிக்னல் நிலையாக இருப்பதில்லை என்பதால் இணையம் இல்லாமலும் அது இயங்க வேண்டும். எல்லாவற்றையும்விட முக்கியமாக, பிள்ளைகள் பயன்படுத்தும்போது கருவி பழுதானால் ஆசிரியரிடம் பணம் பிடிக்கப்படாது என்று எழுத்துப்பூர்வமாக ஓர் உத்தரவு வேண்டும். அந்த உத்தரவு வந்தாலே, இருக்கிற கருவியைக் கொண்டு நாளைக்கே தொடங்கிவிடலாம்.

பள்ளி மேலாண்மைக் குழுவின் தீர்மான நகலை இத்துடன் இணைத்துள்ளோம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
பெற்றோர்கள்