தோப்ப விக்கிறத பத்தி தம்பிக்கு

தம்பி, நல்லா இருக்கியாப்பா. ஞாயித்துக்கிழமை போன்ல, தென்னந்தோப்ப வித்துட்டு தஞ்சாவூர்ல ஒரு வீடா பாத்து இருங்கம்மான்னு நீ சொன்னப்ப நான் ஒண்ணும் சொல்லாம வச்சுட்டேன். கோவம் இல்ல, அப்பா பக்கத்துல உக்காந்து சாப்பிட்டுக்கிட்டு இருந்தாங்க, அவங்க காதுல விழ வேணாம்னு தான். இன்னைக்கு அவங்க உரக்கடைக்கு போயிருக்காங்க, அதான் டைப் பண்றேன்.

கஜா புயல் அன்னைக்கு நீ சிங்கப்பூர்ல இருந்த. 2018 நவம்பர் 16, நடுராத்திரிக்கு மேல, எங்கள எல்லாம் ஸ்கூல் கட்டடத்துல தங்க வச்சிருந்தாங்க. வடக்கேருந்து பேயா அடிச்ச காத்து சட்டுனு நின்னுச்சு, விட்டுருச்சுன்னு ஆம்பளைங்க மாட்ட பாக்க கெளம்புனாங்க, உங்க அப்பாயி தான் 1977 புயல பாத்தவங்க, இது பாதி தான்டா மிச்சம் தெக்கேருந்து வரும் உள்ள வாங்கன்னு சத்தம் போட்டாங்க. சொல்லி கொஞ்ச நேரத்துல வந்துச்சு. அவங்க இல்லன்னா அன்னைக்கு யார் யாரோ போயிருப்பாங்க.

விடிஞ்சு போய் பாத்தா 140 தென்னையில 11 நிக்குது. பாதி வேரோட சாஞ்சு கெடக்கு, மிச்சத்த துணி பிழிஞ்ச மாதிரி முறுக்கி நார் நாராக்கி வச்சிருக்கு. முல்லைக் கொடி பூரா கருகி போச்சு, மழை பேஞ்ச மறுநாள் செடி எப்படி கருகும்னு எனக்கு வெளங்கல, ஒரு எலைய கிள்ளி நாக்குல வச்சேன், உப்பு கரிச்சுச்சு. கடல் தண்ணிய காத்து அள்ளிக்கிட்டு வந்து அடிச்சிருக்கு. கடலோரத்துல புஷ்பவனம் பக்கம் கடல் சேறே ஊருக்குள்ள வந்து கெடந்துச்சு. கவர்மெண்டுல மரத்துக்கு 600, வெட்டி அப்புறப்படுத்த 500, ஆக 1,100 ரூபா குடுத்தாங்க, இல்லன்னு சொல்லல. ஆனா நெட்டைத் தென்னை காய்ப்புக்கு வர ஆறேழு வருஷம் ஆகும், வந்தா அறுவது வருஷம் நிக்கும், அதுக்கு 1,100 எந்த மூலைக்கு.

ஆனா தம்பி, நான் பயப்படுறது புயலுக்கு இல்ல. புயல் வருதுன்னு இப்பல்லாம் நாலு நாள் முன்னாடியே தெரிஞ்சிருது, ஒதுங்கிக்கலாம். இந்த மழை எப்ப வரும்னு தெரியாம போச்சே, அதுக்கு தான் பயப்படுறேன். 2021 தை மாசம் ஞாபகம் இருக்கா, பொங்கலுக்கு புது நெல்லு இல்லன்னு சொன்னேனே. ஐப்பசி கார்த்திகைல பேய வேண்டியது மார்கழி கடைசில விடாம பேஞ்சு, அறுப்புக்கு நின்ன சம்பா பூரா படுத்துருச்சு. நான் எறங்கி ஒரு கதிர கையில எடுத்தேன், ஒவ்வொரு நெல்லுலயும் வெள்ளையா ஊசி மாதிரி முளை. ஆறு மாசம் வளத்த புள்ளைய தூக்குன மாதிரி இருந்துச்சு எனக்கு, வரப்புலயே உக்காந்துட்டேன். 2023லயும் பிப்ரவரி மொதல்ல அதே கதை. வெள்ளத்துக்கு தாங்குற சி.ஆர். 1009 சப் 1 நெல் விதை இருக்குல்ல, ரெண்டு வாரம் தண்ணிக்குள்ள கெடந்தாலும் எந்திரிச்சுரும், உண்மை தான், நாங்களும் போட்டோம், ஆனா அது எளம் பயிரா இருக்கும்போது தான்யா. முத்துன கதிர் நனைஞ்சா எந்த விதை என்ன பண்ணும்? காப்பீடும் நம்ம வயல பாத்து வராது, ஊர் சராசரிய பாத்து தான் வரும், மேட்டுல வெளைஞ்சா பள்ளத்துக்காரன் பாடு திண்டாட்டம்.

கோடியக்கரைல இதே கஷ்டம். அங்க ஐப்பசியிலேருந்து மாசி வரைக்கும் தான் மீன் சீசன், வெளியூர்லேருந்தெல்லாம் வந்து குடிசை போட்டு தங்கி தொழில் பண்ணுவாங்க, புயல் வர்றதும் அதே மாசம். எச்சரிக்கை விட்டா படகு கரையில, படகு கரையில இருந்தா அடுப்பு எரியாது. நம்ம வீட்டுக்கு மீன் கொண்டு வர்ற அக்கா போன வாரம் வெறுங்கூடையோட வந்து திண்ணையில உக்காந்து தண்ணி குடிச்சுட்டு போனா, நான் ஒரு படி அரிசி போட்டு அனுப்புனேன். அகஸ்தியம்பள்ளி உப்பளத்துலயும் அப்படி தான், பாத்தி கட்டி உப்பு பூத்து வர்ற நேரத்துல ஒரு மழை போதும், எல்லாம் கரைஞ்சு மறுபடி மொதல்லேருந்து.

அப்ப ஏன்மா விக்க மாட்டேங்கிறேன்னு கேப்ப. 2019ல அப்பா வச்ச கன்னுல 62 தேறிச்சு. அதுல வடக்கு வரிசையில போன சித்திரைல மொத தடவையா பாளை விட்டுச்சு, அப்பா ராத்திரி டார்ச் எடுத்துட்டு போய் பாத்துட்டு வந்தாங்க, என்கிட்ட கூட சொல்லல, காலையில கால்ல மண்ண பாத்து தான் எனக்கு தெரியும். அந்த மனுசன்கிட்ட போய் வித்துருங்கன்னு நான் எப்படி சொல்ல.

பள்ளத்து வயல பத்தி நீ சொன்னது சரி தான், அதுல இனிமே நெல்லு வேணாம்னு நானே சொல்லிட்டேன். தோப்ப மட்டும் விடு. வீட்டு அட்வான்ஸுக்கு எடுத்து வச்சேன்னியே, அதுல வடிகால் வெட்ட ஆள் கூலி மட்டும் அனுப்புய்யா, ஐப்பசிக்குள்ள வெட்டணும், பெரிய மழைல வயல் தண்ணிய கடல் உள்ள வாங்கமாட்டேங்குது, நம்ம வாய்க்காலாவது தூர் இல்லாம இருந்தா ரெண்டு நாள் முன்னாடி வடியும். மாசில லீவு போட்டு வா. தோப்ப நேர்ல பாரு, அப்பறம் விக்கிறத பத்தி அப்பாகிட்ட நீயே கேளு, நான் நடுவுல பேச மாட்டேன்.

அம்மா