சீருடைக்கு ஓடர் கொடுக்கும் முன்: கனடாத் தமிழ் விளையாட்டுக் கழகங்களுக்கு ஒரு திறந்த மடல்

கழகத் தலைவர்கள், செயலாளர்கள், பொருளாளர்கள், பழைய மாணவர் சங்கத்து அண்ணாமார், அக்காமார் எல்லோருக்கும் வணக்கம்.

போன கோடையில் ஒரு சுற்றுப்போட்டியின் தொடக்க நிகழ்வில் நானும் நின்றேன். விளக்கேற்றினார்கள். கனடிய கீதம், தமிழ்த்தாய் வாழ்த்து, அகவணக்கம் எல்லாம் முறைப்படி நடந்தன. பிறகு பத்தாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி கைத்தொலைபேசியைப் பார்த்து, நாங்கள் நிற்கும் நிலம் பூர்வகுடிகளுக்கு உரியது என்று ஒப்புக்கொள்ளும் நில ஏற்புரையை வாசித்தாள். மிசிசாகா, அனிஷ்னாபெக், சிப்பெவா, ஹோடினோஷோனி, வெண்டாட் என்று அந்த மக்களின் பெயர்கள் வரும் இடத்தில் நாக்குத் தடுமாறியது. பின்வரிசையில் இரண்டு பேர் சிரித்தார்கள். எங்கள் பெயர்களை வெள்ளைக்கார ஆசிரியர்கள் கொத்திக் குதறியபோது நமக்கு எப்படி இருந்தது என்பது அவர்களுக்கு மறந்துவிட்டது போலும்.

வாசிப்பு முடிந்த கையோடு பக்கத்தில் நின்ற செயலாளர் தன் புதுச் சீருடையை இழுத்துக் காட்டினார். "கடல் கடந்து எடுப்பிச்சது அண்ணை, துண்டு சரியான மலிவு." நன்றாகத்தான் இருந்தது. ஆனால் நிலத்துக்கு உரியவர்கள் என்று ஒரு நிமிடத்துக்கு முன் யாருடைய பெயரைச் சொன்னோமோ, அவர்களில் ஒருவருக்கும் எங்கள் சுற்றுப்போட்டியால் ஒரு சதம்கூடப் போகவில்லை. வீடு திரும்பும் வழியெல்லாம் அதுதான் மனதில் உறுத்தியது.

நான் கேட்பது ஒன்றுதான். இந்த வருடம் சீருடை, ரீசேட், பதக்கம், கிண்ணம், பதாகை என்று ஓடர் கொடுக்கும்போது, அதில் ஒரு பங்கையாவது பூர்வகுடியினர் சொந்தமாக நடத்தும் தொழில்களுக்குக் கொடுங்கள். வருமானத்தில் ஒரு பகுதியைத் தங்கள் சமூகத்துப் பிள்ளைகளின் விளையாட்டுக்கே திருப்பிவிடுபவர்கள் கிடைத்தால் அவர்களுக்கு முதலிடம் கொடுங்கள்.

"நன்கொடையாகவே கொடுத்துவிடலாமே" என்று சிலர் உடனே சொல்வீர்கள். அதற்குத்தான் இந்த மடல் நீள்கிறது.

வலை கட்டிய மட்டையால் பந்தைப் பிடித்து எறிந்து ஆடும் லக்ரோஸ் இந்த நாட்டின் கோடைகாலத் தேசிய விளையாட்டு. 1994இல் நாடாளுமன்றம் சட்டமே போட்டது. அது பூர்வகுடிகள் தந்த விளையாட்டு. மோஹாக் உட்பட ஆறு நாடுகளின் கூட்டமைப்பான ஹோடினோஷோனி மக்களுக்கு அது படைத்தவன் கொடுத்த விளையாட்டு, நோய் தீர்க்கும் சடங்கும்கூட. மொன்றியலில் ஜோர்ஜ் பியர்ஸ் என்ற பல் மருத்துவர் 1867இல் அதற்கு விதிகள் எழுதினார். 1876இல் கானவாகே ஊர் மோஹாக் ஆட்டக்காரர்களைப் பிரித்தானியாவுக்குக் கூட்டிப்போனார். விக்டோரியா மகாராணிக்கு முன்னால் ஆடிக் காட்டினார்கள். கைதட்டல் கிடைத்தது. நான்கே வருடங்களில், 1880இல், இங்கே லக்ரோஸ் சங்கம் பணம் வாங்காத ஆட்டக்காரர்களுக்கு மட்டும் என்று கதவை மூடியது. பூர்வகுடி அணிகள் தொழில்முறை ஆட்டக்காரர்கள் என்று முத்திரை குத்தப்பட்டு வெளியே நின்றன. அவர்கள் ஏன் பணம் வாங்கினார்கள்? ஊரிலிருந்து ஆட்டத்துக்குப் போய்வரும் செலவுக்குக் கையில் காசில்லை. காட்சி ஆட்டம் ஆடிச் சம்பாதித்தார்கள். தங்கள் விளையாட்டுக்குத் தாங்களே பணம் தேடிக்கொண்டதுதான் குற்றம்.

அன்று பணம் வாங்கினார்கள் என்று வெளியே தள்ளினார்கள். இன்றைக்கு வடக்கே வாழும் பிள்ளை பணம் இல்லை என்று வெளியே நிற்கிறது. குளிர்கால பனிச்சாலையும் விமானமும் தவிர வேறு வழியில்லாத ஊர்கள் இந்த நாட்டில் உண்டு. அங்கிருந்து ஒரு ஹொக்கி அணி போட்டிக்குப் போக வேண்டுமென்றால், மட்டைக்கும் சறுக்குக் காலணிக்கும் ஆகும் செலவைப் பயணச் செலவு விழுங்கிவிடும். எங்கள் பிள்ளைகளை மார்க்கம் நகரிலிருந்து பிரம்டன் நகருக்குக் கூட்டிப்போகவே பெற்றோர் பெற்றோல் கணக்குப் பார்க்கிறோம்.

அதே 1876இல் இன்னொன்றும் நடந்தது. பூர்வகுடிகளைக் கட்டுப்படுத்தும் 'இந்தியன் சட்டம்' ஒட்டாவாவில் நிறைவேறியது. (பெயரைக் கேட்டுப் பாக்குநீரிணைக்கு அக்கரையை நினைக்காதீர்கள். கொலம்பஸ் செய்த தவறு சட்டப் புத்தகத்தில் இன்னும் அப்படியே இருக்கிறது.) பூர்வகுடிகளுக்கென்று அரசு ஒதுக்கிய 'ஒதுக்கு நிலங்களில்' வாழ்ந்தவர்கள், முக்கியமாகப் புல்வெளி மாகாணங்களில், தாங்கள் விளைவித்த தானியத்தை விற்கவே அரச முகவரிடம் அனுமதிச் சீட்டு வாங்க வேண்டும் என்ற விதி பின்னால் அதில் ஏறியது. எத்தனையோ காலம் தூசி படிந்து கிடந்த அந்த விதியை முற்றாக நீக்கியது எப்போது தெரியுமா? 2014இல். அதே சட்டத்தின் 89ஆம் பிரிவு இன்னும் இருக்கிறது. ஒதுக்கு நிலத்தில் உள்ள சொத்தைப் பூர்வகுடி அல்லாத ஒருவருக்கு அடகு வைக்க முடியாது என்கிறது அது. நிலத்தைக் கைப்பற்றாமல் காக்கும் ஏற்பாடுதான். ஆனால் தொழில் தொடங்க வங்கிக்குப் போகிறவரிடம் வங்கி கேட்கும் முதல் கேள்வி "எதைப் பிணை வைக்கிறாய்?" என்பது. எங்களில் எத்தனை பேர் வீட்டை மீள்அடகு வைத்துக் கடை திறந்தோம்! அந்த வழி அவர்களுக்கு அடைபட்டிருக்கிறது. சொந்த நிதி நிறுவனங்களை உருவாக்கித்தான் ஓரளவுக்குச் சமாளிக்கிறார்கள்.

இத்தனைக்குப் பிறகும் ஒருவர் தொழில் நடத்துகிறார், அதில் வரும் காசில் ஊர்ப் பிள்ளைகளுக்குக் காலணி வாங்குகிறார் என்றால், அவருக்கு நாம் கொடுக்கக்கூடிய பெரிய மரியாதை ஓடர்தான். நன்கொடை ஒருமுறை வரும், படம் எடுக்கப்படும், முடிந்துவிடும். ஓடர் அடுத்த வருடமும் வரும் என்று நம்பி அவர் ஒரு தையல் இயந்திரம் கூடுதலாக வாங்குவார், ஊர் இளைஞர் ஒருவரை வேலைக்கு வைப்பார்.

இது நமக்குப் புதிதா? ஊரில் எங்கள் கழகத்துக்கு முதல் பந்து வாங்கித் தந்தது சந்தியில் பலசரக்குக் கடை வைத்திருந்த ஐயா. விளையாட்டு அமைச்சு எங்கே இருக்கிறது என்றே எங்களுக்குத் தெரியாது. கடை ஓடியது, அதனால் கழகம் ஓடியது. கடை மூடிய வருடம் நாங்கள் வெறுங்காலோடு ஆடினோம். ஒரு சமூகத்தின் விளையாட்டு அதன் சின்ன முதலாளிகளின் முதுகில் ஏறித்தான் வளர்கிறது என்பதை நமக்கு யாரும் வகுப்பு எடுக்கத் தேவையில்லை.

இதை இந்த நாட்டில் பெரிய அளவில் செய்து பார்த்தும் இருக்கிறார்கள். 2010 வன்கூவர் குளிர்கால ஒலிம்பிக்கில் லில்வாட், மஸ்குவியம், ஸ்குவாமிஷ், ஸ்லேவாட்டூத் ஆகிய நான்கு பூர்வகுடி நாடுகள் விருந்தளிப்போராக நின்றன. பூர்வகுடிகளின் அசல் பொருட்கள் என்று முத்திரை பெற்றவற்றை விற்று ஏற்பாட்டுக் குழுவுக்கு வர வேண்டிய உரிமத்தொகையில் மூன்றில் ஒரு பங்கு, பூர்வகுடி இளைஞர்களின் விளையாட்டுக்கும் கல்விக்கும் கலைக்கும் என்று ஒரு நிதிக்குப் போனது. எளிமையான கணக்கு. பொருளைச் செய்தவருக்கும் கூலி, அவருடைய ஊர்ப் பிள்ளைக்கும் பங்கு.

அதே ஒலிம்பிக்கில் மறுபக்கமும் உண்டு. வன்கூவர் தீவின் கவிச்சன் பெண்கள் தலைமுறைகளாகக் கையால் பின்னும் கம்பளிச் சட்டை உலகப் புகழ் பெற்றது. உரிமம் பெற்ற ஒரு பெரிய கடை அதே சாயலில் வேறிடத்தில் செய்வித்த சட்டைகளை 2009இல் விற்பனைக்குக் கொண்டுவந்தது. கவிச்சன் மக்கள் எதிர்த்து நின்ற பிறகுதான் அவர்களுடைய அசல் சட்டைகளுக்கும் அந்தக் கடையில் இடம் கிடைத்தது. வடிவம் அவர்களுடையது, காசு வேறொருவருடையது. நமது சீருடை வடிவமைப்பாளர்களும் கவனிக்க வேண்டிய விஷயம் இது. இறகும் அம்பும் போட்டால் "நல்லிணக்கம்" ஆகிவிடாது.

லக்ரோஸ் மட்டையின் கதையும் அப்படித்தான். ஒன்ராறியோ, கியூபெக், நியூயோர்க் மூன்றும் சந்திக்கும் அக்வெசாஸ்னே மோஹாக் நிலத்தில் கோர்ன்வோல் தீவு இருக்கிறது. ஹிக்கரி மரத்தை ஆவியில் வளைத்து, தோல் பின்னி, மோஹாக் கைவினைஞர்கள் செய்த மட்டைகள்தான் ஒரு காலத்தில் உலகின் பெரும்பாலான ஆட்டக்காரர்களின் கையில் இருந்தன. 1968இல் அங்கிருந்த ஆலை எரிந்தது. 1970 அளவில் பிளாஸ்டிக் தலை வைத்த மட்டை சந்தைக்கு வந்தது. கைவேலை அழியவில்லை, ஆனால் சந்தை கைமாறிப்போனது. விளையாட்டைத் தந்தவர்களுக்கு அந்த விளையாட்டின் வியாபாரத்தில் ஓர் ஓரம்தான் மிச்சம்.

2010இல் மான்செஸ்டரில் நடந்த உலக லக்ரோஸ் போட்டிக்கு ஹோடினோஷோனி மக்களின் அணி தங்கள் சொந்தக் கடவுச்சீட்டோடு புறப்பட்டது. பிரித்தானியா ஏற்கவில்லை. ஆடாமலே நின்றுவிட்டார்கள், வேறு கடவுச்சீட்டில் போகச் சம்மதிக்கவில்லை. 2028 லொஸ் ஏஞ்சலிஸ் ஒலிம்பிக்குக்கு லக்ரோஸ் திரும்பி வருகிறது. சொந்தக் கொடியோடு ஆட அவர்கள் மீண்டும் இடம் கேட்க வேண்டியிருக்கிறது. அங்கீகாரமற்ற நாடுகளுக்கான 2014 உலகக் கிண்ணத்தில் தமிழீழ உதைபந்தாட்ட அணி இறங்கியபோது கண் கலங்கியவர்கள் உங்களில் பலர். இதற்கு மேல் நான் விளக்க வேண்டியதில்லை.

பூர்வகுடிப் பிள்ளைகளுக்கான விடுதிப் பள்ளிகளில் நடந்ததை விசாரித்த, கனடாவின் உண்மைக்கும் நல்லிணக்கத்துக்குமான ஆணைக்குழு 2015இல் 94 அறைகூவல்களை வெளியிட்டது. 87 முதல் 91 வரை விளையாட்டைப் பற்றியவை. வட அமெரிக்கப் பூர்வகுடி விளையாட்டு விழாவுக்குப் பயணச் செலவு உட்பட நிலையான ஆதரவு வேண்டும் என்று 88 கேட்கிறது. விளையாட்டுக்கு அடுத்தே வரும் 92, வணிகத்தைப் பற்றியது. இரண்டையும் இரண்டு அலுவலகங்களில் வைத்துப் படிக்கிறார்கள். என் அபிப்பிராயத்தில் அவை ஒரே கதையின் இரண்டு அத்தியாயங்கள். மத்திய அரசு தன் ஒப்பந்தங்களின் பெறுமதியில் குறைந்தது 5 வீதம் பூர்வகுடித் தொழில்களுக்குப் போக வேண்டும் என்று 2021இல் இலக்கு வைத்தது. அரசுக்கே ஐந்து என்றால் ஒரு கோடைச் சுற்றுப்போட்டிக்குப் பத்து வைக்க முடியாதா?

பொருளாளர்களின் கேள்வி எனக்குத் தெரியும். விலை கூடுமா? கூடலாம். ஆயிரக்கணக்கில் அச்சடிக்கும் ஆலையோடு ஒரு சின்னக் கடை போட்டி போட முடியாது. அந்த வித்தியாசத்தை ஓர் அனுசரணையாளரின் பெயரில் எழுதுங்கள். விருந்து மண்டபத்து மேசை ஒன்றைக் குறைத்தாலும் போதும். யார் உண்மையில் பூர்வகுடி என்று எப்படி அறிவது? நியாயமான கேள்வி. அரச ஒப்பந்தங்களுக்காகப் போலியாக அடையாளம் காட்டியவர்களைப் பற்றி 2024இல் நாடாளுமன்றக் குழுவே விசாரித்தது. கனடியப் பூர்வகுடி வணிகப் பேரவை குறைந்தது 51 வீதம் பூர்வகுடி உரிமை உள்ள நிறுவனங்களுக்குச் சான்று தருகிறது. மத்திய அரசிடமும் ஒரு பட்டியல் இருக்கிறது. அவற்றில் தேடுங்கள். அதைவிட மேல், ஒரு தொலைபேசி அழைப்பு எடுத்து, "உங்கள் வருமானத்தில் பிள்ளைகளின் விளையாட்டுக்கு என்ன செய்கிறீர்கள்?" என்று நேரே கேளுங்கள். செய்கிறவர் ஆசையாகச் சொல்வார்.

ஒரு வேண்டுகோள் மட்டும். அந்தப் பிள்ளைகளை மேடைக்குக் கூப்பிட்டுப் பந்தைக் கையில் கொடுத்துப் படம் எடுக்காதீர்கள். கூப்பிடுவதென்றால் ஆட்டத்துக்குக் கூப்பிடுங்கள், பயணச் செலவோடு. தோற்றுப் போவோம் என்று பயமா?

எங்கள் கழகத்தின் பொதுக்கூட்டம் அடுத்த ஞாயிறு. மூன்று நிறுவனங்களிடம் விலைப்பட்டியல் கேட்டு வாங்கி வைத்திருக்கிறேன். பொருளாளர் கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி முகத்தைச் சுளிப்பார், தெரியும். உங்கள் கழகமும் சேர்ந்தால் மொத்த ஓடராகக் கொடுக்கலாம், துண்டுக்கு விலை இறங்கும். பங்குனி முடிவதற்குள் சொல்லுங்கள். பிறகு தைக்க நேரம் போதாது.

அன்புடன்,
கோல் கம்பத்தடியில் இன்னமும் நின்று கத்தும்
ஒரு பழைய பந்துக் காப்பாளன்