மீன்பிடித் தடைக்காலத்தில் கடலடி இரைச்சலையும் நிறுத்தக் கோரும் மனு

அனுப்புநர்:
விசைப்படகு மீனவர்கள்,
தேவனாம்பட்டினம், கடலூர்.

பெறுநர்:
உயர்திரு மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
கடலூர் மாவட்டம்.

பொருள்: ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை கடலில் நில அதிர்வு ஆய்வு, தூண் அடிக்கும் பணிகளை நிறுத்தி வைத்தல் தொடர்பாக.

ஐயா, வணக்கம்.

மீன் இனம் பெருகட்டும் என்று வருடா வருடம் 61 நாள் எங்கள் விசைப்படகுகளைக் கரையில் கட்டிப்போடுகிறோம். அரசு போட்ட அந்தத் தடையை மனதார ஏற்கிறோம். ஆனால் அதே நாட்களில் கடலுக்குள் இரைச்சல் எழுப்ப எந்தத் தடையும் இல்லை.

கத்தாழை மீனையே எடுத்துக்கொள்ளுங்கள். அதன் வயிற்றில் உள்ள காற்றுப்பையை நாங்கள் நெட்டி என்போம். இனப்பெருக்கக் காலத்தில் ஆண் மீன் அந்த நெட்டியை அதிரவைத்துத்தான் பெண் மீனைக் கூப்பிடுகிறது. இரவில் இன்ஜினை நிறுத்திவிட்டுப் படகின் அடித்தட்டில் காதை வைத்தால் அந்தக் 'கொர் கொர்' சத்தம் எங்களுக்கே கேட்கும். தண்ணீரில் ஒலி நொடிக்குச் சுமார் 1500 மீட்டர் பாயும். காற்றில் போவதைவிட நான்கு மடங்குக்கும் மேல். கப்பல் இரைச்சலும் மீன் குரலைப் போலவே தாழ்ந்த ஒலிதான். அதற்குள் இந்தக் கூப்பாடு அமுங்கிவிட்டால் சினை ஏது, குஞ்சு ஏது?

எண்ணெய் தேடி நில அதிர்வு ஆய்வு செய்யும் கப்பல்கள் இதைவிட மோசம். அழுத்தக் காற்றைச் சில நொடிக்கு ஒருமுறை வெடிக்கவிட்டுக் கொண்டே, இரவு பகல் பாராமல் போகும். ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியா தீவுக் கடலில் இப்படி ஒரே ஒரு காற்றுத் துப்பாக்கியை இயக்கிப் பார்த்ததில், 1.2 கிலோமீட்டர் தூரம் வரை தண்ணீரில் மிதக்கும் சிறு உயிரினங்கள் பாதிக்கப்பட்டதை 2017-ல் வெளியான ஆய்வு காட்டியது. மீன்குஞ்சுகளுக்கு அதுதான் இரை.

2020 ஜனவரியில் சுற்றுச்சூழல் அனுமதி விதி மாறியதிலிருந்து எண்ணெய், எரிவாயுத் தேடலுக்கு மக்கள் கருத்துக்கேட்புக் கூட்டமும் கிடையாது. அதனால்தான் தங்களிடம் வந்திருக்கிறோம்.

ஆழ்கடல் அனுமதி மத்திய அரசின் கையில் என்பது தெரியும். தடைக்காலத்தில் இந்த ஆய்வுகள் வேண்டாம் என்று தாங்கள் தமிழக அரசு வழியாகப் பரிந்துரைக்க வேண்டும். மற்ற மாதங்களில் நடந்தால் எங்கே, எந்தத் தேதியில் என்று மீன்வளத்துறை மூலம் ஒரு மாதம் முன்பே கிராமங்களுக்குச் சொல்ல வேண்டும். அப்புறம், துறைமுகப் பணிக்குத் தூண் அடிப்பதென்றால், ஜெர்மனியில் செய்வதுபோல் சுற்றிலும் காற்றுக்குமிழித் திரை போட்டுச் சத்தத்தைக் குறைக்க ஒப்பந்தத்திலேயே நிபந்தனை சேர்க்க உத்தரவிடுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
தேவனாம்பட்டினம் விசைப்படகு மீனவர்கள்