ராத்திரி ரெண்டரை மணி போன்

சுமி,

எப்படி இருக்க, அப்பாவுக்கு முட்டி வலி தேவலையா? உனக்குப் பதில் போட மூணு வாரமா நெனச்சு நெனச்சு தள்ளிப் போச்சுடி, ஓசூர்லயே இந்த வருஷம் வெயில் தாங்கல, தர்மபுரி எப்படி இருக்குமோ.

மெயின்டெனன்ஸ் மேனேஜர் ஆயிட்டியே, ஆம்பளைங்க சொன்ன பேச்சு கேக்குறாங்களான்னு கேட்டிருந்தல்ல. கேக்குறாங்க. மேடம் மேடம்னு அவ்ளோ மரியாதை. தொல்லையே அந்த மரியாதையாலதான்.

போன மாசம் நைட் ஷிப்ட்ல ஆயில் அழுத்தத்துல ஓடுற பெரிய ஹைட்ராலிக் பிரஸ் நின்னுடுச்சு. எனக்கு போன் வரல. எனக்குக் கீழ வேலை பாக்குற தம்பிக்குப் போயிருக்கு, அவனும் தூக்கக் கலக்கத்துல ஆயில் கசியாம தடுக்குற ரப்பர் வளையம் இருக்குல்ல, அந்த சிலிண்டர் சீல மாத்துங்கன்னுட்டான், மாத்தி ஓட்டினாங்க, நாலாம் நாளே மறுபடி ஆயில் கொட்டுது. நான் லாக்புக்க எடுத்துப் பாத்தா ஆயில் டெம்பரேச்சர் ஒரு மாசமா ஏறிக்கிட்டே வந்து எக்கச்சக்கமா ஆயிருக்கு. தண்ணி ஓடி ஆயில் சூட்டத் தணிக்கிற கூலர் டியூப் பூரா உப்பு படிஞ்சு அடைச்சுக் கெடக்கு. சின்ன வயசுல நம்ம பல்லையே கறையாக்குன ஊரு போர் தண்ணி, கூலர மட்டும் விடுமா? ஆயில் அவ்ளோ சூடானா ரப்பர் கெட்டியாகி விரிசல் விட்டுரும், டஜன் கணக்குல சீல் மாத்தினாலும் அதே கதிதான்.

ஏண்ணா என்னைக் கூப்பிடலன்னு சூப்பர்வைசர் அண்ணன கேட்டேன். "கைக்கொழந்த வச்சிருக்கீங்க, நடுராத்திரில உங்கள எதுக்கு மேடம் கஷ்டப்படுத்தணும்"ங்கறாரு. எப்படித் திட்டுறது? சந்திரயான் 2க்கு ப்ராஜெக்ட் டைரக்டரே முத்தையா வனிதான்னு ஒரு பொண்ணுதான்னு 2019ல எனக்கே வாட்ஸ்அப்ல பெருமையா அனுப்புன மனுஷன்டி அவரு. இத்தனைக்கும் எங்க அசெம்பிளி லைன்ல நைட் ஷிப்ட் பாக்குறது முக்காவாசி பொண்ணுங்கதான், அஞ்செட்டிலேர்ந்தும் தளிலேர்ந்தும் பஸ் ஏறி வர்றதுங்க, அதுங்களுக்கெல்லாம் கஷ்டம் கெடையாதாம்! பொம்பளைங்க ராத்திரி 7லேர்ந்து காலைல 6 வரைக்கும் பாக்டரில வேலை பாக்கக்கூடாதுன்னு 1948 பாக்டரி சட்டத்துல இருந்தத மெட்ராஸ் ஹைகோர்ட்டே 2000ல செல்லாதுன்னுடுச்சு, இவங்க எனக்கு மட்டும் பாசமா அதத் திரும்பப் போட்டுட்டாங்க. ராத்திரி அவங்களா முடிவெடுத்துட்டு காலைல கையெழுத்துக்கு பேப்பர நீட்டுனா நான் எதுக்கு மேனேஜர், நீயே சொல்லு.

இன்னொன்னு உன்கிட்ட மட்டும் சொல்றேன், சிரிக்காத. டிரெய்னி இன்டர்வியூக்கு பாலக்கோட்டுலேர்ந்து ஒரு டிப்ளமோ பொண்ணு வந்துச்சு. மோட்டார் வைண்டிங் பத்தி கேட்டதுக்கெல்லாம் பளிச்சுன்னு பதில் சொன்னுச்சு. கடைசில நான், நாந்தான், "கல்யாணம் ஆயிட்டா ஷிப்ட் பாப்பியாம்மா"ன்னு கேட்டேன். பாப்பேன் மேடம்னுட்டுப் போயிடுச்சு. வீட்டுக்கு வந்து கொழம்பு தாளிக்கும்போதுதான் உறைச்சுது, அன்னைக்கு வந்த பதினோரு பசங்கள்ல ஒருத்தன்கிட்டயும் நான் அதக் கேக்கல. அடுத்த மாசம் சேருது அந்தப் பொண்ணு, உன் பாலிடெக்னிக்கா இருக்குமோ?

இப்ப கன்ட்ரோல் பேனல் மேல என் நம்பர மொதல்ல எழுதி ஒட்டிட்டேன். போன செவ்வாக்கெழமை ரெண்டரைக்கு அடிச்சுது. அலறியடிச்சு எடுத்தா அண்ணன் மெதுவா, "மேடம், தூங்கிட்டீங்களா?"ங்கறாரு.

செந்தூரா மாம்பழம் பழுக்கட்டும், ஒரு பொட்டி பஸ்ல போட்டு விடுறேன்.

உன் பழைய ரூம்மேட்